கிரேக்கமா, சீனமா? படித்துப் பார்க்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழமையான, ஆனால் இன்றும் கடைத்தெருவில் பேசப்படும் ஒரு மொழியைக் கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பலர் இந்த இரண்டில் வந்து நிற்கிறார்கள். கீழே கிரேக்கம் என்றால் இன்று ஏதென்ஸில் பேசும் கிரேக்கம். சீனம் என்றால் பெய்ஜிங் பேச்சை அடிப்படையாகக் கொண்ட மாண்டரின். பழைய வடிவம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். சரியான உச்சரிப்புக்கு ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

இரண்டு மொழிகளுக்கும் ஏதாவது உறவு உண்டா?

இல்லை. கிரேக்கம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், அதிலும் தனிக் கிளை. சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு. கிரேக்கத்தில் பத்து என்பது 'தெகா', பெயர் என்பது 'ஓனொமா'. தசம், நாமம் என்ற சொற்கள் நமக்குப் பழக்கம் என்பதால் சாயல் தெரியும். சீனம் சீன-திபெத்தியக் குடும்பம். திபெத்தியமும் பர்மியமும் அதன் உறவினர்கள்.

எது பழையது?

பேச்சின் வயதை யாராலும் அளக்க முடியாது. எழுத்துச் சான்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமவயது.

கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்து 'லீனியர் பி'. கி.மு. 14ஆம் நூற்றாண்டை ஒட்டிய களிமண் பலகைகளில் கிடைத்தது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைப் படித்துக்காட்டும் வரை அது கிரேக்கம் என்றே பலரும் நம்பவில்லை. உள்ளே காவியம் எதுவும் இல்லை. ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, கம்பளி யாருக்குப் போனது என்ற அரண்மனைக் கணக்குதான். சீனத்தின் பழைய சான்று வட சீனாவின் ஆன்யாங் நகரில் கிடைத்த ஆமை ஓடுகளும் மாட்டு எலும்புகளும், கி.மு. 1250 வாக்கில் தொடங்குகின்றன. அவற்றில் இருப்பது குறி கேட்டல். மழை வருமா, அரசி பிரசவத்தில் நலமாக இருப்பாளா, அரசனின் பல்வலிக்கு எந்த மூதாதையர் காரணம் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். 1899இல்தான் இவை பழைய எழுத்து என்று அறிஞர்கள் கண்டுகொண்டார்கள்.

ஒரு முக்கியமான வேறுபாடு: கி.மு. 1200 வாக்கில் அரண்மனைகள் வீழ்ந்தபோது கிரேக்க நாட்டில் எழுதும் பழக்கமே அற்றுப்போனது. சில நூற்றாண்டுகள் கழித்து, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த பினீசியர் என்ற வணிகர்களிடமிருந்து எழுத்தை வாங்கி, உயிர் ஒலிகளுக்கும் தனி எழுத்து ஒதுக்கி, புதிதாகத் தொடங்கினார்கள். இன்றைய 24 எழுத்துகள் அந்த இரண்டாம் தொடக்கத்தின் வாரிசு. சீன எழுத்து அப்படி அறுபடவே இல்லை. எலும்பில் கீறிய வடிவம்தான் உருமாறி உருமாறி இன்றைய கைபேசித் திரையில் நிற்கிறது.

எழுத்தைக் கற்பது எதில் கஷ்டம்?

சீனத்தில்தான், சந்தேகமே வேண்டாம். கிரேக்கத்தின் 24 எழுத்துகள் ஒரு வார வேலை. கணிதம், இயற்பியல் படித்தவர்களுக்கு ஆல்பா, பீட்டா, தீட்டா எல்லாம் ஏற்கெனவே தெரியும். சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள். அதில் அன்றாடத்துக்கு வேண்டிய முதல்நிலை மட்டும் 3,500.

ஆனால் அந்த 3,500ம் தனித்தனிப் படங்கள் என்று நினைத்து யாரும் மிரள வேண்டாம். பெரும்பாலானவை இரண்டு துண்டுகளால் ஆனவை: ஒன்று பொருளைச் சொல்லும், மற்றது ஒலியைச் சொல்லும். 'மா' என்றால் அம்மா. அதை எழுத, இடப்பக்கம் 'பெண்' என்ற குறி, வலப்பக்கம் 'குதிரை' என்ற எழுத்து. அம்மாவுக்கும் குதிரைக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. குதிரைக்கும் சீனத்தில் 'மா' என்று பெயர், அவ்வளவுதான். பெண் சம்பந்தப்பட்ட ஒன்று, 'மா' போல ஒலிக்கும் என்று எழுத்தே துப்புக் கொடுக்கிறது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இந்த வகைதான். பல நூற்றாண்டு ஒலிமாற்றத்தில் துப்பு பாதி இடங்களில் மங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

கிரேக்கத்திலும் ஒரு வம்பு உண்டு. எழுதியதைத் தப்பில்லாமல் வாசித்துவிடலாம்; கேட்டதை எழுதும்போதுதான் திண்டாட்டம். முன்பு வெவ்வேறாக ஒலித்த பல எழுத்துகள் இன்று ஒரே 'இ' ஆகிவிட்டன. அந்த 'இ'யை ஐயோட்டா, ஈட்டா, இப்சிலோன், அப்புறம் சில இரட்டை எழுத்துகள் என ஆறு விதமாக எழுதலாம். 'குடிமக்கள்' என்று பொருள்படும் 'இபீகோஇ' என்ற சொல்லில் மூன்று 'இ' ஒலிகள். மூன்றையும் மூன்று விதமாக எழுத வேண்டும். ரகர றகரத்தில் தடுமாறும் நம் பிள்ளைகளின் நிலைதான் அங்குள்ள பிள்ளைகளுக்கும்.

தொனி என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையில் என்ன?

ஒரே அசையை எந்தக் குரல் ஏற்ற இறக்கத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். மாண்டரினில் நான்கு தொனிகள், போதாததற்கு அழுத்தமில்லாத ஒன்று. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பிச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து வெட்டென்று இறக்கினால் விற்பது. கடைக்குப் போகிறவர் இந்த இரண்டையும் முதலில் படிப்பது நல்லது.

தொனி இல்லாமல் பார்த்தால் மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான். இவ்வளவு குறைவான அசைகளை வைத்து ஒரு முழு மொழியை ஓட்டும்போது தொனி இல்லாமல் முடியாது. ஆகவே தொனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்கள் கடைசிவரை மாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கிரேக்கத்தில் இதற்கு இணை, அழுத்தம். 'போதெ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'எப்போது?'. இரண்டாம் அசையை அழுத்தினால் 'ஒருபோதும் இல்லை'. நல்லவேளையாக, ஓரசைச் சொற்களை விட்டால் பெரும்பாலான சொற்களில் அழுத்தம் விழும் இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான். பழைய கிரேக்கத்தில் இருந்தது இந்த அழுத்தம் அல்ல. குரலை உயர்த்தித் தாழ்த்தும் சுருதி. கிறிஸ்து பிறந்து சில நூற்றாண்டுகளுக்குள் அது வெறும் அழுத்தமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் சுருதியைக் காட்டிய பழைய குறிகளை மட்டும் 1982 வரை பள்ளிப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள், காதில் விழாத ஒன்றுக்காக. சீனத்தில் நடந்தது தலைகீழ். பண்டைய சீனத்தில் தொனி இல்லை, சொல்லின் இறுதியில் இருந்த மெய்கள் உதிர்ந்தபோது அவற்றின் சுவடாகவே தொனி பிறந்தது என்பதுதான் இன்று மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கும் விளக்கம். ஒன்று குரலின் ஏற்ற இறக்கத்தை இழந்தது, மற்றது அதைப் பெற்றது.

தமிழ் நாக்குக்கு எது வசதி?

இரண்டிலும் நமக்குச் சில இலவசங்கள் உண்டு. ஆங்கில வழியில் எழுதிய பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

சீனத்தில் மனிதரைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி, ஆங்கில 'ர' அல்ல. நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒலி. நாக்கை மடிக்கத் தெரியாமல் மற்றவர்கள் தவிக்கும் இடம் அது. பெய்ஜிங்கின் முதல் ஒலியும் ஆங்கில 'பி' அல்ல, 'பல்' என்பதில் வரும் ப. காற்றை ஊதிச் சொல்லும் 'ப்ஹ' வகை ஒலிகளை மட்டும் நாம் புதிதாகப் பழக வேண்டும்.

கிரேக்கத்துக்கு வந்தால், 'அது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் அந்த மெல்லிய தகரம்தான் கிரேக்க 'தெல்தா'. 'தீட்டா' மட்டும் வேறு. நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊத வேண்டும்.

இலக்கணம்?

இங்கே இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். கிரேக்கத்தில் மூன்று பால், நான்கு வேற்றுமை, மூவிட விகுதி ஏற்கும் வினை. மேசைக்கும் நாற்காலிக்கும்கூடப் பால் உண்டு, அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். சீனத்தில் இவை எதுவுமே இல்லை. வினை ஒருபோதும் உருமாறாது.

கிரேக்க வினை நமக்கு அந்நியமாக இருக்காது. 'க்ராஃபோ' எழுதுகிறேன், 'க்ராஃபிஸ்' எழுதுகிறாய், 'க்ராஃபி' எழுதுகிறான் அல்லது எழுதுகிறாள். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். விளி வேற்றுமையும் உண்டு. முருகனை 'முருகா' என்று கூப்பிடும்போது னகர மெய் போய்விடுகிறதே, அதுபோல யோர்கோஸை அழைக்கும்போது 'யோர்கோ' என்று கடைசி மெய் போய்விடும். மரியாதைக்கு 'நீங்கள்' போலப் பன்மை முன்னிலையும் இருக்கிறது.

சீனத்தில் சொல்லின் வரிசைதான் இலக்கணம். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை நமக்குப் புதிது. ஆனால் 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்தில் சொல்லுங்கள்: 'வோ ஸுவோதியென் மாய் த ஷூ'. வோ நான், ஸுவோதியென் நேற்று, 'மாய் த' வாங்கிய, ஷூ புத்தகம். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம், நம் பெயரெச்சம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கிரேக்கத்தில் இதே தொடரைப் பின்னாலிருந்து கட்ட வேண்டும்: புத்தகம் முதலில், 'எதை' என்பது போன்ற ஒரு சொல் அடுத்து, வாங்கியதும் நேற்றும் கடைசியில்.

இன்னொன்று. 'ச்சர் ல மா?' என்று பெய்ஜிங்கில் பழைய தலைமுறையினர் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். 'ச்சர்' சாப்பிடுவது, 'ல' என்பது நம் 'ஆச்சு', 'மா' என்பது கேள்வி 'ஆ'. பதிலும் ஆம், இல்லை என்று வராது. 'ச்சர் ல', அதாவது 'சாப்பிட்டாச்சு' என்றே வரும். இந்த 'ல'வை விளக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 'மழை வந்தாச்சு' என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் பாதிப் பக்கம் போதும். 'குவொ' என்ற இன்னொரு துணைச்சொல், 'சாப்பிட்டதுண்டு' என்று அனுபவத்தைச் சொல்லும்.

கிரேக்கமும் காலத்தைவிடச் செயலின் போக்கைத்தான் கவனிக்கிறது. 'தா க்ராஃபோ' என்றால் எழுதிக்கொண்டிருப்பேன். 'தா க்ராப்ஸோ' என்றால் எழுதி முடித்துவிடுவேன். ஒவ்வொரு வினைக்கும் இப்படி இரண்டு அடிச்சொல் தெரிந்திருக்க வேண்டும். கிரேக்கம் படிப்பவர்கள் அதிகம் களைத்துப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன், பால் வேற்றுமையில் அல்ல.

உறவுமுறைச் சொற்கள்?

இதில் சீனர்கள் நம் வீட்டு ஆட்கள். அண்ணன் 'க்கெக்க', தம்பி 'தீதி', அக்கா 'ஜியேஜியே', தங்கை 'மேய்மேய்'. பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு வேறொரு சொல். கிரேக்கத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே 'அதெல்ஃபோஸ்'. வடசீனப் பேச்சில் நாம், நாங்கள் என்ற வேறுபாடுகூட உண்டு: 'ஸான்மென்' நாம், 'வோமென்' நாங்கள்.

எண்கள் எப்படி?

சீனத்தில் பதினொன்று என்பது பத்து-ஒன்று, இருபது என்பது இரண்டு-பத்து. இரண்டு மணி நேரத்தில் நூறு வரை வந்துவிடலாம். சிக்கல் மேலே போகும்போது வரும். அவர்கள் ஆயிரத்துக்குப் பின் 'வான்' என்ற பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறார்கள். ஆங்கிலக்காரர்களுக்கு இது தலைவலி. நமக்கு அவ்வளவு இல்லை. பத்து வான் ஒரு லட்சம், ஆயிரம் வான் ஒரு கோடி.

பழைய கிரேக்கர்களும் பத்தாயிரத்துக்கு 'மீரியாஸ்' என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கு இன்றைய கிரேக்கத்தில் 'எகதோமீரியோ', அதாவது நூறு பத்தாயிரம். சீனத்தில் அதே பத்து லட்சம் 'பாய் வான்', அதுவும் நூறு பத்தாயிரம். யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் வந்த ஒற்றுமை.

கிழமைகளில் கவனம் தேவை. செவ்வாய் கிரேக்கத்தில் 'மூன்றாம் நாள்', சீனத்தில் 'வாரம் இரண்டு'. கிரேக்கர்களுக்கு ஆகாத நாள் 13ஆம் தேதி வரும் செவ்வாய். சீனர்களுக்கு ஆகாத எண் நான்கு, சாவைக் குறிக்கும் சொல்போல ஒலிப்பதால்.

புரியாத ஒன்றை ஆங்கிலத்தில் 'எனக்கு அது கிரேக்கம்' என்பார்களே, கிரேக்கர்கள் என்ன சொல்வார்கள்?

'எனக்கு இது சீனம்போல இருக்கிறது' என்பார்கள். சீனர்கள் 'தியென்ஷூ' என்பார்கள்; வானுலக எழுத்து என்று பொருள்.

தமிழில் இருப்பதுபோல் எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்று இரட்டை நிலை உண்டா?

இருந்தது. இரண்டு மொழியிலும் இதற்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

கிரேக்கத்தில் 'கதரேவுசா' என்று ஒரு தூய நடை. பழங்கிரேக்கத்தைப் பார்த்துச் செய்தது, 19ஆம் நூற்றாண்டில் அரசு, நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அதில்தான். மக்கள் பேசியது 'திமோதிகி'. 1901இல் ஏதென்ஸ் செய்தித்தாள் ஒன்று புதிய ஏற்பாட்டைப் பேச்சு மொழியில் பெயர்த்து வெளியிட, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரத்தில் 8 பேர் இறந்தார்கள், அரசாங்கம் கவிழ்ந்தது. ஒரு மொழிபெயர்ப்புக்காக. கதரேவுசா அரசு மொழி நிலையை இழந்தது 1976இல்தான், அதுவும் அதைத் தூக்கிப்பிடித்த ராணுவ ஆட்சி வீழ்ந்த பிறகு.

சீனத்தில் 'வென்யென்' என்ற செவ்வியல் எழுத்து நடை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆண்டது. பேச்சோடு அதற்கு இருந்த தூரம், சங்கப் பாட்டுக்கும் நம் வீட்டுப் பேச்சுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைவில்லை. 1917இல் ஹூ ஷர் என்ற அறிஞர் 'புதிய இளைஞர்' இதழில் பேச்சு நடையில் எழுதச் சொல்லிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அதே இதழில் எழுத்தாளர் லூ ஷுன் புதிய நடையில் சிறுகதை எழுதினார். 1919 மாணவர் எழுச்சி அதற்கு வேகம் கொடுத்தது. 1920இல் தொடக்கப் பள்ளிப் பாடநூல்கள் பேச்சு நடைக்கு மாறத் தொடங்கிவிட்டன.

இரட்டை வழக்கு பற்றி 1959இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கிரேக்கம் ஒரு முக்கிய எடுத்துக்காட்டு. சீனமும் கிரேக்கமும் அந்த நிலையைக் கடந்துவிட்டன. நாம் இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் அவர்களின் பழைய சண்டை நமக்கு வேறு யாரையும்விட எளிதில் புரியும்.

இன்றைய மொழியைப் படித்தால் பழைய நூல்களையும் வாசிக்கலாமா?

நேரடியாக முடியாது. இன்றைய கிரேக்கம் தெரிந்தவர் புதிய ஏற்பாட்டின் மூலத்தைத் தட்டுத்தடுமாறிப் பின்தொடரலாம், ஹோமருக்குத் தனிப் படிப்பு வேண்டும். சீனத்தில் கன்பூசியஸின் வாக்கியங்களில் பெரும்பாலான எழுத்துகள் தெரிந்தவையாகவே இருக்கும், பொருள்தான் நழுவும். தாங் அரச மரபுக் காலக் (கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) கவிதைகள் பலவற்றை இன்றைய மாண்டரினில் வாசித்தால் அடிகளின் இறுதி ஒலி இயைபு பொருந்தாமல் போகும். தென் சீனாவிலும் ஹாங்காங்கிலும் பேசும் கான்டனீயத்தில் வாசித்தால் அதே கவிதை பல இடங்களில் இசைந்து வரும், ஏனென்றால் பழைய இறுதி மெய்களை அது காப்பாற்றி வைத்திருக்கிறது.

தமிழோடு பழைய தொடர்பு ஏதாவது?

கல்லிலும் தாளிலும் இருக்கிறது. சங்கப் பாடல்களின் யவனர் நினைவுக்கு வரும். மறுபக்கம், முசிறி வணிகத்தின் கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில், கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கையில் நிறுத்திய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. 1911இல் காலியில் கிடைத்த அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவின் சுவான்சோ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது.

'அரிசி'யிலிருந்துதான் கிரேக்க 'ஓரூஸா' வந்தது என்று அடிக்கடி பகிரப்படுகிறது. அது முடிந்த விஷயம் அல்ல. பழைய ஈரானிய மொழி வழியாக வந்தது என்ற கருத்தும் வலுவாகவே இருக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் கணக்கு: கிரேக்கத்துக்கு சுமார் 1,100 வகுப்பு மணி, சீனத்துக்கு 2,200. இது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. அதே பட்டியலில் தமிழும் கிரேக்கத்தோடு ஒரே வகையில் நிற்கிறது. நமக்குக் கிரேக்கத்தின் விகுதிகளிலும் சீனத்தின் தொடரமைப்பிலும் கொஞ்சம் மிச்சமாகலாம். எழுத்துகளை மனத்தில் பதிக்கும் நேரம் மட்டும் யாருக்கும் குறையாது.

ஒலிக்குறியை மட்டும் வைத்துச் சீனம் படித்தால் போதாதா?

1958இல் ஏற்கப்பட்ட 'பின்யின்' என்ற ரோமன் எழுத்து முறையைச் சொல்கிறீர்கள். அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யோகுவாங். 111 வயது வரை வாழ்ந்தார். உச்சரிப்புக்கும் தட்டச்சுக்கும் அது அவசியம். அதோடு நின்றுவிட்டால் ஒரு உணவகப் பட்டியலைக்கூட வாசிக்க முடியாது. வாசிக்கப் படியுங்கள், கையால் எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சீனர்களே பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று புலம்புகிறார்கள், அதற்கு அவர்கள் மொழியில் நான்கெழுத்துத் தொடரே இருக்கிறது.

சரி, எதை எடுப்பது?

பேசிப் பழக ஆள் வேண்டுமென்றால் சீனம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழர்களுக்கு யோசிக்கவே தேவையில்லை, பேசிப்பார்க்க அக்கம்பக்கத்திலேயே ஆள் கிடைக்கும். தனியாக உட்கார்ந்து படிப்பது பிடிக்கும், மருத்துவத்திலும் அறிவியலிலும் வரும் சொற்களின் வேர் தெரிய வேண்டும் என்றால் கிரேக்கம். பேச ஆள் இல்லாவிட்டாலும் அதில் தனியாக வெகுதூரம் போகலாம். சீனத்தில் தொனியைத் திருத்த ஒரு ஆசிரியர் கட்டாயம் வேண்டும்.

இரண்டையும் ஒரே சமயத்தில்?

இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது, அந்த அளவுக்கு வேறு. ஆனால் முதல் ஆறு மாதம் ஒன்றை மட்டும் எடுங்கள். கிரேக்கத்தில் வினையின் இரண்டு அடிச்சொற்கள் பழகிய பிறகு, அல்லது சீனத்தில் ஐந்நூறு எழுத்துகள் கண்ணுக்குப் பழகிய பிறகு, அடுத்ததைத் தொடங்கலாம்.